வாசலில் ஆள் போட வேண்டுமா? குப்பை கேம்களும் கன்சோல் கம்பெனிகளும்

ஜனவரி 11

நேரே விஷயம். கன்சோல், அதாவது டிவியில் கேம் ஆடுகிற மெஷின், செய்கிற கம்பெனி, தன் மெஷினில் ஓடப்போகும் வெளியார் கேம்களைத் தரம் பார்த்துத்தான் உள்ளே விட வேண்டும். கண்டதையும் ஸ்டோரில் அடுக்க விடக்கூடாது. இதுதான் என் கட்சி. அடிக்க வருகிறவர்கள் வரலாம், இந்தத் திரியிலேயே பதில் போடுங்கள், நானும் இங்கேயே பதில் எழுதுகிறேன்.

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. நேற்று ராத்திரி தள்ளுபடிப் பக்கத்தை உருட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பண்ணை கேம் கண்ணில் பட்டது. படத்தில் பொன்னிற வயல், ஆற்றோரம் காற்றாலை, வாலாட்டும் நாய்க்குட்டி. தொண்ணூறு சதவீதம் தள்ளுபடி. வாங்கிவிட்டேன். திறந்தால் காற்றாலையும் இல்லை, ஆறும் இல்லை. நாய் இருக்கிறது. ஆனால் முழங்கால்வரை மண்ணுக்குள் புதைந்து, கால் அசையாமல், சறுக்கிக்கொண்டே போகிறது. தண்ணீர் ஊற்றும் பட்டனை அழுத்தினால் ஆள் வெறும் கையை ஆட்டுகிறார். அரை விநாடி கழித்துக் குடம் தனியாகக் காற்றில் வந்து நிற்கிறது. மூன்றாவது செடிக்கு ஊற்றும்போது கேம் உறைந்து போனது. பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ஒருமுறை டவுன்லோட் செய்துவிட்டால் கிடையாதாம்.

சின்னத் தொகைதான், விடலாம். ஆனால் அதே ஆசாமியின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பனிமலை கேம், தீயணைப்பு கேம், மருத்துவமனை கேம் என்று வரிசையாகப் போட்டு வைத்திருக்கிறார். எல்லாப் படத்திலும் அதே நாய்.

ஜனவரி 11, பின்னிரவு

மருத்துவமனையில் அந்த நாய்க்கு என்ன வேலை என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். தூக்கம் வரவில்லை.

ஜனவரி 12

"சந்தை பார்த்துக்கொள்ளும், காவல் எதற்கு" என்று கேட்டவர்களுக்காகப் பழைய கதை.

அடாரி கம்பெனியின் 2600 என்ற கன்சோல் வந்தது 1977-ல். அதற்கு கேம் எழுதியது அடாரி மட்டும்தான். அங்கே வேலை பார்த்த சில புரோகிராமர்கள், பெயரும் போடுவதில்லை, லாபத்தில் பங்கும் தருவதில்லை என்று கசந்து வெளியேறினார்கள். 1979-ல் ஆக்டிவிஷன் பிறந்தது அப்படித்தான். கன்சோல் கம்பெனிக்கு வெளியே இருந்து கேம் செய்த முதல் கம்பெனி அது. அடாரி வழக்குப் போட்டது. 1982-ல் ராயல்டி தருகிறோம் என்று சமரசத்தில் முடிந்தது. அதற்குள் வாசல் திறந்தாயிற்று. ஓட்ஸ் விற்கும் குவேக்கர் ஓட்ஸுக்கு ஒரு கேம் பிரிவு. நாய்த்தீனி விற்கும் பியூரினாவின் விளம்பரத்தை வைத்து ஒரு கேம், அதில் ஒரு நாய் வண்டியைத் துரத்த வேண்டும். (இந்தத் தொழிலுக்கு நாய் மேல் அன்றைக்கே ஒரு பிடிப்பு இருந்திருக்கிறது.)

அப்புறம் என்ன? அமெரிக்காவில் 1983-ல் சுமார் 320 கோடி டாலராக இருந்த வீட்டு வீடியோ கேம் வியாபாரம் 1985-ல் 10 கோடி டாலருக்கு வந்துவிட்டது. கடைக்காரர்கள் அந்தச் சரக்கையே தொட மாட்டோம் என்றார்கள். வெளியார் கொட்டிய குப்பையால் வீடே இடிந்தது. பிறகு ஜப்பான் கம்பெனி நின்டெண்டோ வந்து பூட்டுப் போட்டது, தொழில் பிழைத்தது. போதுமா?

ஜனவரி 13

போதாது. நேற்று நான் எழுதியதில் பெரிய ஓட்டை இருக்கிறது, ஒருவர் சரியாகப் பிடித்துவிட்டார்.

அந்தச் சரிவு என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருகிற இரண்டு கேம்கள் இ.டி., பேக்-மேன். இரண்டையும் வெளியிட்டது யார்? அடாரியேதான். ஸ்பீல்பெர்க் படத்தை வைத்துச் செய்த இ.டி. 1982 கிறிஸ்துமஸுக்குள் வந்தாக வேண்டும் என்று ஐந்தே வாரத்தில் எழுதி முடித்தது. ஒரே ஆள் எழுதினார். அவர் அதற்கு முன் நல்ல கேம்கள் செய்தவர். படத்தின் பெயரை வாங்கக் கொட்டிய பணமும், மெஷினில் செருகுகிற கேம் பெட்டிகளான கார்ட்ரிட்ஜ்களைத் தேவைக்கு மேல் போட்டுக் குவித்ததும்தான் அடாரியைக் கவிழ்த்தன. பேக்-மேன் கதையும் அதே மாதிரி: நன்றாகவே விற்றது, ஆனால் விற்றதற்கும் மேல் லட்சக்கணக்கில் தேங்கியது. வாசலில் எத்தனை காவலாள் நிறுத்தியிருந்தாலும் இந்த இரண்டையும் நிறுத்தியிருக்க முடியாது. இவை வீட்டுக்குள்ளேயே பிறந்த குப்பை.

இன்னொன்று. அடாரி தேங்கிய சரக்கை 1983-ல் நியூ மெக்சிகோவில் அலமகோர்டோ என்ற ஊரின் குப்பைமேட்டில் கொண்டுபோய்ப் புதைத்தது. 2014 ஏப்ரலில் தோண்டினார்கள். சுமார் 1,300 கார்ட்ரிட்ஜ் எடுத்தார்கள். இ.டி. மட்டும்தான் இருக்கும் என்று பார்த்தால் சென்டிபீட், மிசைல் கமாண்ட் எல்லாம் சேர்ந்தே கிடந்தன. அவை குப்பை இல்லை, இன்றைக்கும் உட்கார்ந்து ஆடலாம்.

இதை யோசித்துப் பார்த்தால் வெளியார் குப்பை செய்த உண்மையான கேடு வேறு இடத்தில் இருக்கிறது. திவாலான சின்னக் கம்பெனிகளின் சரக்கு அடிமாட்டு விலைக்குக் கூடையில் வந்து விழுந்தது. புதுசாக வந்த நல்ல கேம் முழு விலையில் அலமாரியில் நிற்கும். பக்கத்திலேயே கூடையில் பல கேம் அதன் விலைக்கு. பிள்ளைக்கு வாங்க வந்த அப்பாவுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்? ஆட்டம் மோசமாக இருந்தது ஒரு பங்கு என்றால், வாங்குகிறவரால் பிரித்துப் பார்க்க முடியாமல் போனது பெரும்பங்கு. கட்சி மாறவில்லை, ஆனால் கொஞ்சம் நகர்ந்து உட்கார்கிறேன்.

ஜனவரி 15

நின்டெண்டோ பூட்டைப் பற்றிக் கேட்டார்கள். இது எனக்குப் பிடித்த விஷயம், நீளும்.

1983-ல் ஜப்பானில் வந்த நின்டெண்டோவின் கன்சோல் ஃபேமிகாமில் பூட்டு கிடையாது. 1985-ல் அது என்இஎஸ் என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போனபோதுதான் 10என்இஎஸ் என்ற சில்லு வந்தது. மெஷினுக்குள் ஒன்று, ஒவ்வொரு கார்ட்ரிட்ஜுக்குள்ளும் ஒன்று. பவர் போட்டதும் இரண்டும் ஒரே தாளத்தில் ரகசியமாகப் பேசிக்கொள்ளும். தாளம் தப்பினால் மெஷின் விநாடிக்கு ஒருமுறை ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். திரை மினுக்கு மினுக்கென்று அடிக்கும். வேடிக்கை என்னவென்றால், உள்ளே கார்ட்ரிட்ஜ் செருகும் இடத்தில் பின்கள் தளர்ந்துவிட்டால் காசு கொடுத்து வாங்கிய அசல் கேமுக்கும் இதே தண்டனைதான். ஊதி ஊதிப் போட்டவர்கள் உண்டு. (ஊதினால் எச்சில் ஈரம் பட்டுத் துருப்பிடிக்கும். நானும் ஊதியவன்தான்.)

கவனிக்க வேண்டியது: அந்தச் சில்லுக்கு கேம் நல்லதா கெட்டதா என்று தெரியாது. நின்டெண்டோவிடம் ஒப்பந்தம் போட்டாயா என்று மட்டும் கேட்கும். ஒப்பந்தத்தின் விதிகள்தான் விஷயம். ஒரு கம்பெனி ஆண்டுக்கு ஐந்து கேம்தான் போடலாம். கார்ட்ரிட்ஜை நின்டெண்டோதான் தயாரிக்கும், செலவை நீங்கள்தான் தர வேண்டும். விற்காவிட்டால் நஷ்டம் உங்கள் தலையில். அதே கேமை இரண்டு ஆண்டுக்கு வேறு மெஷினில் போடக்கூடாது.

கடைசி விதி வெறும் பணபலம், அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். முதல் விதி மட்டும் யோசிக்க வைக்கிறது. ஆண்டுக்கு ஐந்து என்றால் ஆறாவதாக இருக்கும் சுமாரானதை அவர்களே எடுத்து வைத்துவிடுவார்கள். நடுவர் தேவையில்லை, ரசனைச் சண்டை தேவையில்லை.

ஆனால் கொனாமி என்ற கேம் கம்பெனி என்ன செய்தது? அல்ட்ரா கேம்ஸ் என்று இன்னொரு பெயர்ப் பலகை மாட்டி இன்னும் ஐந்து வாங்கிக்கொண்டது. அந்தப் பெயரில் வந்தவை குப்பையும் இல்லை. மெட்டல் கியர் அதில்தான் வந்தது. அடாரி கேம்ஸின் கிளையான டெங்கன் இன்னும் ஒரு படி மேல். எங்கள் வழக்குக்குத் தேவை என்று பொய் சொல்லி அமெரிக்கப் பதிப்புரிமை (காப்பிரைட்) அலுவலகத்திலிருந்தே 10என்இஎஸ் நிரலின் பிரதியை வாங்கி, பூட்டுக்கு மாற்றுச் சாவி செய்தார்கள். நீதிமன்றம் 1992-ல் குட்டு வைத்தது. வேறு சிலர் கார்ட்ரிட்ஜிலிருந்தே மின் அதிர்ச்சி கொடுத்து அந்தச் சில்லை மயங்க வைத்தார்கள். அப்படி வந்த வகையறாவில் 1991-ன் ஆக்‌ஷன் 52 இருக்கிறதே, ஒரே கார்ட்ரிட்ஜில் 52 கேம், விலை 199 டாலர். அதில் சில கேம்கள் திறக்கவே திறக்காது.

இத்தனைக்கும் நடுவே, முறையாக நின்டெண்டோவின் முத்திரை வாங்கி, நேர்வாசல் வழியாக வந்த குப்பைகளும் ஏராளம். எல்ஜேஎன் என்ற கம்பெனியின் பெயரைப் பார்த்தாலே பழைய ஆட்கள் முகம் சுளிப்பார்கள். அவர்கள் பெட்டியிலும் அந்த முத்திரை இருந்தது. 1999-ல் நின்டெண்டோ 64-க்கு வந்த சூப்பர்மேனிலும் இருந்தது. சூப்பர்மேன் பச்சைப் பனிமூட்டத்தில் வளையம் வளையமாகப் புகுந்துகொண்டிருப்பார், அவ்வளவுதான் கேம்.

ஜனவரி 15, இன்னொன்று

அந்த முத்திரையில் முன்பு "தர முத்திரை" என்று இருந்தது. 2003 வாக்கில் "தரம்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "நின்டெண்டோவின் அதிகாரபூர்வ முத்திரை" என்று சுருக்கிவிட்டார்கள். நேர்மையான ஆட்கள்.

ஜனவரி 18

"இன்றைக்கும் சோதனை செய்துதானே விடுகிறார்கள், பிறகு எப்படிக் குப்பை வருகிறது?" என்று கேட்டவருக்கு. சோதனையை உள்ளிருந்து பார்த்தவன் நான். மூன்று பேர் சேர்ந்து ஒரு சின்ன கேம் செய்தோம். ஒரு கன்சோலுக்கு அனுப்பினோம். எது என்று சொல்ல மாட்டேன்.

பிளேஸ்டேஷன் செய்கிற சோனி இதற்கு டிஆர்சி என்கிறது, நின்டெண்டோவில் லாட்செக். பெயர் வேறு, சாரம் ஒன்று. நீண்ட பட்டியல். கன்ட்ரோலர் பிடுங்கப்பட்டால் கேம் நிற்கிறதா? சேவ் ஆகும்போது அணைக்காதே என்று சொல்கிறதா? மெஷினைத் தூங்கவைத்து எழுப்பினால் ஒழுங்காக எழுகிறதா? பட்டன்களின் பெயரை அவர்கள் சொன்னபடி எழுதியிருக்கிறாயா?

எங்கள் கேம் மூன்று முறை திரும்பி வந்தது. முதல் முறை, லோடிங் ஓடும்போது கன்ட்ரோலரில் சார்ஜ் தீர்ந்தால் எச்சரிக்கை வரவில்லை. நியாயம். இரண்டாவது, உதவிப் பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில் "ஜாய்ஸ்டிக்" என்று எழுதிவிட்டோம். அவர்கள் அதை அப்படி அழைப்பதில்லை. ஒரு சொல். அதை மாற்றி, மறுபடி பில்ட் போட்டு, மறுபடி வரிசையில் நின்றோம். மூன்றாவது, ஸ்டோரேஜ் நிரம்பியிருந்தால் சேவ் ஆகாமலே சேவ் ஆனதாகக் காட்டியது. இது நிஜமாகவே மோசமான தவறு, பிடித்ததற்கு நன்றி.

எங்கள் இரண்டாவது லெவலில் ஓர் ஆறு. அக்கரைக்குப் போகப் படகு வர வேண்டும். படகு வர நாற்பது விநாடி. தண்ணீரில் விழுந்தால் மறுபடி நாற்பது. ஆடிப் பார்த்த என் நண்பன் மூன்றாவது படகுக்குக் காத்திருக்கும்போது சோபாவிலேயே தூங்கிவிட்டான், பொய்யில்லை, கன்ட்ரோலர் நெஞ்சில் கிடந்தது. சோதனைக்காரர்கள் யாரும் அந்தப் படகைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. கண்டிப்பாக அவர்களும் அந்தக் கரையில் நின்றிருப்பார்கள். எழுத வேண்டும் என்று தோன்றியிருக்கும். பட்டியலில் அதற்குக் கட்டம் இல்லை.

ஆக, சோதனை பார்ப்பது கேம் மெஷினுக்கு மரியாதையாக நடந்துகொள்கிறதா என்று. ஆடுகிறவனுக்கு மரியாதை தருகிறதா என்று இல்லை.

ஜனவரி 19

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். உறைந்து போவது, அறுந்து போவது எல்லாம் சோதனையில் பிடிபட்டுவிடும் என்கிற மாதிரி எழுதிவிட்டேன். எப்போதும் இல்லை. சைபர்பங்க் 2077 என்ற பெரிய கேம் நினைவிருக்கிறதா? 2020 டிசம்பர் 10 வெளியீடு. பழைய பிளேஸ்டேஷன் 4-ல் (பிஎஸ்4) அது நடந்துகொண்ட விதத்தைப் பார்த்து, ஒரே வாரத்தில் சோனி ஸ்டோரிலிருந்தே எடுத்துவிட்டது. திரும்பி வந்தது 2021 ஜூனில். அதுவும் சோதனையைத் தாண்டித்தான் வந்தது. வெளியீட்டுக்குள் எப்படியும் சரிசெய்துவிடுவார்கள் என்று நம்பிக் கன்சோல்காரர்கள் விட்டிருப்பார்கள் என்று கேம் செய்தவர்களே பின்னால் ஒப்புக்கொண்டார்கள். பெரிய வீட்டுப் பிள்ளை வந்தால் காவலாள் எழுந்து நிற்பார். ஜாய்ஸ்டிக் என்று எழுதிய எங்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

வயிற்றெரிச்சல்தான், வேறென்ன.

ஜனவரி 22

சரி, நேற்றிலிருந்து இதைச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கேமும் குப்பைதான். பண்ணை கேம் அளவுக்கு ஏமாற்றுவேலை இல்லை. ஆனால் வாங்கியவர் கண்ணுக்கு அந்த வித்தியாசம் எவ்வளவு தெரிந்திருக்கும்? எங்களுடைய மரங்களும் பாறைகளும் அசெட் ஸ்டோரில் (கேமுக்கான ரெடிமேட் உருவங்கள் விற்கும் கடை) வாங்கியவை. படத்தில் சூரிய அஸ்தமனம் போட்டோம். கேமுக்குள் எங்கேயும் சூரியன் மறையாது. முதலில் வந்த விமர்சனங்களில் ஒன்று: "படகு வருவதற்குள் பாத்திரம் கழுவிவிட்டு வந்தேன்." அதற்கு ஐந்தில் இரண்டு கொடுத்திருந்தார். பாத்திரம் கழுவ முடிந்ததற்காக ஒன்று கூடுதலாகப் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

மூன்று மாதம் கழித்துப் படகை ஆறு விநாடி ஆக்கினோம். ஓர் எண்ணை மாற்றினால் போதும், அவ்வளவு சின்ன வேலை.

வாசலில் தரம் பார்க்கிற ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் எங்களைத் திருப்பி அனுப்பியிருப்பார். ஜனவரி 11-ன் நான் அதைத்தான் கேட்டேன். திருப்பி அனுப்பியிருந்தால் படகை முன்பே சரிசெய்திருப்போமா, இல்லை மூன்று பேரும் மனம் விட்டுப்போய்த் தொழிலையே விட்டிருப்போமா? ஒருநாள் இப்படித் தோன்றுகிறது, ஒருநாள் அப்படி. அன்றைய மனநிலையில் விட்டிருப்போம் என்றுதான் நினைக்கிறேன். அடுத்த கேம் ஓரளவு நன்றாக வந்தது, அதனால் கேட்கிறேன்.

ஜனவரி 23

"ஆள் போட்டுப் பார்க்க முடியாத அளவுக்கு கேம்கள் வருகின்றன" என்று ஒருவர். இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். கணக்குப் போடலாம். கன்சோலைவிடக் கூட்டமான இடம் ஸ்டீம், கம்ப்யூட்டர் கேம்கள் விற்கும் ஆன்லைன் கடை. அங்கே இப்போது ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் கேம்கள் வருகின்றன. பத்தாயிரம் என்றே வைத்துக்கொள்வோம்: நாளைக்கு 27. ஒவ்வொன்றையும் இரண்டு மணிநேரம் ஆடினால் 54 மணிநேரம். எட்டு மணிநேர வேலைக்கு ஏழு பேர். லீவு, காய்ச்சல், கல்யாணம் எல்லாம் சேர்த்துப் பத்துப் பேர். அத்தனை பெரிய கம்பெனிகளுக்கு இது ஒரு செலவே இல்லை.

ஆள் கிடைப்பார்கள். அந்தப் பத்துப் பேர் என்ன சொல்வார்கள் என்பதுதான் பிரச்சினை. டெட்லி பிரிமோனிஷன் என்று 2010-ல் ஒரு திகில் கேம். ஐஜிஎன் என்ற விமர்சனத் தளம் பத்துக்கு 2 கொடுத்தது. டிஸ்ட்ரக்டாய்ட் என்ற இன்னொரு தளம் பத்துக்கு 10. ஓட்டுவதற்கே கஷ்டமான கார், பொம்மை மாதிரி முகங்கள், சம்பந்தமில்லாத இடத்தில் உற்சாகமான விசில் இசை. அதையெல்லாம் மீறி அந்த ஊர் மனதில் தங்கிவிடும். விமர்சகர்களை அதிகம் பிளவுபடுத்திய திகில் கேம் என்று கின்னஸில்கூட ஏறியது. என்னுடைய பத்துப் பேர் அதை வாசலிலேயே அடித்துத் துரத்தியிருப்பார்கள்.

இன்னொரு வகை. ஜப்பானில் டி3 பப்ளிஷர் "சிம்பிள்" என்று மலிவு வரிசை ஒன்று நடத்தியது. பிஎஸ்2-க்கு 2,000 யென் வரிசை. அதில் வந்த பலவற்றை இன்று யாருக்கும் நினைவில்லை. அதே வரிசையில் 31-வதாக 2003-ல் வந்தது பூமிப் பாதுகாப்புப் படை கேம். ராட்சத எறும்புகளை நகரத்தோடு சேர்த்து வெடிக்க வைக்கலாம். இன்றுவரை தொடர்ச்சிகள் வருகின்றன, விழுந்து விழுந்து ஆடுகிறார்கள். மலிவுக்கூடையை மொத்தமாகக் கொட்டியிருந்தால் எறும்புகளும் போயிருக்கும்.

வாம்பயர் சர்வைவர்ஸ் என்ற கேம் தெரியும்தானே. வாங்கிப்போட்ட படங்கள், தாக்குவதற்குப் பட்டனே கிடையாது. 2021-ல் முதல் தடவை ஸ்கிரீன்ஷாட் பார்த்தபோது "இன்னொரு அசெட் குப்பை" என்று நானே கடந்துபோனேன். 2023-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் ஆண்டின் சிறந்த கேம் அதுதான். என்னைக் காவலாளாகப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு நானே சாட்சி.

ஜனவரி 27

திரி கொஞ்சம் டிராஃபி (பிளேஸ்டேஷன் கேம்கள் தருகிற விருதுகள், எல்லாவற்றையும் எடுத்தால் பிளாட்டினம்) பக்கம் போய்விட்டது, பரவாயில்லை. ஆமாம், பிளாட்டினத்துக்காகவே செய்யப்படுகிற கேம்கள் ஒரு தனிச் சந்தை. ஒரு பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தால் அரை மணியில் பிளாட்டினம். மை நேம் இஸ் மேயோ என்று 2016-ல் ஒன்று. திரையில் ஒரு மயோனைஸ் ஜாடி. அதைத் தட்ட வேண்டும். பத்தாயிரம் முறை.

"இதையெல்லாம் யார் ஆடுவார்கள்" என்று கேட்டவர் என் ப்ரொஃபைலைப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சரி, பார்த்துவிட்டார். ஆமாம், இருக்கிறது. அன்று எனக்குக் காய்ச்சல்.

ஆனால் இதில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஜாடி கேம் ஜாடியைத்தான் காட்டி விற்றது. காற்றாலையைக் காட்டி விற்கவில்லை. வாங்கியவன் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்தே வாங்கினான். அப்படியானால் என் கோபம் மோசமான கேம் மேலா, காட்டியது ஒன்று கொடுத்தது ஒன்று என்பதன் மேலா? பன்னிரண்டு பதிவு போட்ட பிறகு இந்தக் கேள்வி வருகிறது.

(எண்ணிப் பார்த்தேன். பதினொன்றுதான்.)

(இதையும் சேர்த்து.)

ஜனவரி 30

ஸ்டீம் இந்தப் பாதை முழுவதையும் நடந்து பார்த்துவிட்டது, கன்சோல் இல்லையென்றாலும் சொல்கிறேன். முதலில் ஆட்களே தேர்ந்தெடுத்தார்கள். பிறகு 2012-ல் கிரீன்லைட்: ஆடுகிறவர்களே ஓட்டுப் போடலாம். ஓட்டு என்று வந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை, எங்களுக்கு ஓட்டுப் போட்டால் கேம் இலவசம் என்று கிளம்பிவிட்டார்கள். 2017-ல் அதை மூடிவிட்டு, கேமுக்கு 100 டாலர் கட்டு, உள்ளே வா என்றார்கள். ஆயிரம் டாலர் சம்பாதித்தால் அந்த நூறு திரும்பக் கிடைக்கும். 2018-ல் சட்டவிரோதமானதையும் வெறும் சீண்டலுக்குச் செய்ததையும் தவிர எதையும் விடுவோம் என்று அறிவித்தே விட்டார்கள்.

இவ்வளவு திறந்து போட்டும் எனக்கு ஸ்டீமில் ஏமாந்த உணர்வு அதிகம் வந்ததில்லை. காரணம் எளிது. 2015 ஜூனிலிருந்து, வாங்கிப் பதினான்கு நாளுக்குள், இரண்டு மணிநேரத்துக்குள் ஆடியிருந்தால், காரணம் என்னவாக இருந்தாலும் பணம் திரும்பும். பண்ணை கேமை நான் அங்கே வாங்கியிருந்தால் மூன்றாவது செடியோடு கதை முடிந்திருக்கும். இந்தத் திரியே வந்திருக்காது.

"இரண்டு மணிக்குள் முடிகிற நல்ல குட்டி கேம்கள் என்ன ஆவது?" என்று ஒருவர் சரியாகக் கேட்டிருக்கிறார். ஆமாம், அவர்களுக்கு இது அநியாயம். முழுக்க ஆடிவிட்டுத் திருப்பித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். என்னிடம் பதில் இல்லை. ஒரு மணி என்று குறைக்கலாமா? படகு இருந்த எங்கள் கேமுக்கு ஒரு மணி என்றால் அதில் பாதி கரையிலேயே போகும்.

பிப்ரவரி 2

இப்போது என் கட்சி எங்கே நிற்கிறது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி, நான் நிறைய நகர்ந்துவிட்டேன்.

நல்லது கெட்டது பார்க்க ஆள் வேண்டாம். எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும். நின்டெண்டோவின் பழைய விதியில் பணபலத்தை உருவிப் போட்டுவிட்டு அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒருவர் ஆண்டுக்கு இத்தனைதான். ஐந்து கூட வேண்டாம், பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். உழைத்து கேம் செய்கிறவர் யாருக்கும் ஆண்டுக்குப் பத்து தாண்டாது. அதே நாயை வைத்து மாதம் இரண்டு போடுகிறவரை மட்டும் அது பிடிக்கும். அல்ட்ரா கேம்ஸ் மாதிரி நான்கு பெயர் வைத்துக்கொள்ள மாட்டார்களா என்றால், வைத்துக்கொள்வார்கள். ஆனால் அன்று கொனாமி வேறு பெயரில் நல்ல கேம் போட்டது. இன்று பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்று ஸ்டோருக்குத் தெரியும்.

இரண்டாவது, அலமாரி. 90% தள்ளுபடி போட்டால் ஏன் மேலே வருகிறது? பல காலம் நின்டெண்டோ ஸ்டோரின் பட்டியல் எத்தனை பேர் வாங்கினார்கள் என்ற எண்ணிக்கையை வைத்து ஓடியது. சில்லறைக் காசுக்கு ஆயிரக்கணக்கில் தள்ளிவிட்டால் முழு விலை கேமைத் தாண்டி உட்காரலாம். உட்கார்ந்த பிறகு விலையை ஏற்றலாம். 1983-ன் கூடையைக் கொண்டுவந்து கடையின் முகப்பிலேயே வைத்த மாதிரி. 2025-ல் அதை வருவாய்க் கணக்குக்கு மாற்றினார்கள். யாரையும் தடை செய்யவில்லை, யாருடைய ரசனையையும் கேட்கவில்லை. வரிசை வைக்கும் முறையை மாற்றினார்கள், அவ்வளவுதான். இதனால் சின்னவர்கள் நல்ல கேமை மலிவாகப் போட்டாலும் பட்டியலில் கீழே போவார்கள், அது இதன் இன்னொரு முகம்.

மூன்றாவது, காட்டுகிற படம் கேமுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். இதற்கு மட்டும் ஆள் போடுங்கள். காற்றாலை இருக்கிறதா இல்லையா என்பதில் ரசனைக்கு வேலையே இல்லை. எங்கள் சூரிய அஸ்தமனமும் இதில் மாட்டும். மாட்டட்டும்.

சோனிக்காரர்கள் 2017-ல் லைஃப் ஆஃப் பிளாக் டைகர் என்ற போன் கேமைப் பிஎஸ்4-ல் விட்டதோடு நிற்காமல் தங்கள் சொந்த யூடியூப் சானலிலேயே டிரெய்லர் போட்டார்கள். அந்தப் புலி நடப்பதைப் பார்த்தவர்கள் யாரும் ஏமாந்திருக்க மாட்டார்கள். அது நேர்மையான டிரெய்லர்.

பிப்ரவரி 9

கடைசியாக நாய்.

இந்தத் திரியைப் படித்த ஒருவர் தேடிக் கண்டுபிடித்துவிட்டார். அது அசெட் ஸ்டோரில் விற்கிற நாய். இணைப்பைத் திறந்து பார்த்தேன். வீடியோவில் ஓடுகிறது, உட்காருகிறது, காதைச் சொறிகிறது, திரும்பிப் பார்த்துத் தலையைச் சாய்க்கிறது. எட்டு விதமான நடை. கால் தரையில் படும்போது பாதம் லேசாக விரிகிறது. யாரோ மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்திருக்கிறார்.

கீழே ஒரு வரி குறிப்பு: "இறக்கியதும் உங்கள் தரையின் உயரத்தைச் சரிபார்த்துக்கொள்ளவும், இல்லாவிட்டால் கால்கள் மண்ணுக்குள் தெரியும்."

வாங்கிவிட்டேன். அடுத்த கேமில் படகில் ஒரு நாய் இருக்கும்.